வெயில் வந்த பிறகு அடர்ந்த பனி

சின்ன கம்பெனியில் வேலை வந்திருக்கிறது, சேரலாமா என்று கேட்டு வருகிறீர்கள். கோத்தகிரி பஸ் பிடித்து, அரவேணுவில் இறங்கி, கடையில் விசாரித்து வீடு வரைக்கும் வந்துவிடுகிறீர்கள். பெரிய கம்பெனியில் காத்திருக்கச் சொல்கிறார்கள், இங்கே உடனே சேரச் சொல்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, மாதம் எத்தனை மணி நேரம் பறக்கலாம், எத்தனை வருஷத்தில் கேப்டன் ஆகலாம் என்று ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வருகிறீர்கள். நல்ல பழக்கம்தான். நானும் அப்படி ஒரு தாள் எழுதினேன். கடைசியில் முடிவு செய்தது அந்தத் தாளில் இல்லாத ஒரு விஷயம். அதை ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் வருகிறவர்களிடம் கொடுத்துவிடலாம். எனக்கு அதிகம் பேச வராது.

நான் பத்தாவது வரை படித்தவன். அப்பா டீ ஃபேக்டரி லாரி டிரைவர். பத்தாவது முடித்ததும் விமானப் படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். வெளியே வந்தபோது கையில் இருந்ததைப் போட்டு ஃபிளையிங் கிளப்பில் பறக்கக் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தில் லைசென்ஸுக்குப் பத்தாவது போதும். ஆனால் பரீட்சை எல்லாம் இங்கிலீஷ். விமானத்தைக் கழற்றி மாட்டச் சொன்னால் மாட்டிவிடுவேன், அதைப் பற்றி இங்கிலீஷில் அரைப் பக்கம் எழுது என்றால் வியர்த்துவிடும். ஒவ்வொரு தாளையும் தலைகீழாக நின்றுதான் தேறினேன்.

அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டினேன். பருத்திக்கும் ரப்பருக்கும் தெளிப்பது. அந்த விமானத்தில் ஒரே ஒரு ஸீட். மரத்துக்கு மேல் பத்தடி உயரத்தில் போக வேண்டும். கரண்ட் கம்பி எங்கே இருக்கிறது என்று காலையில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். காற்று சரியில்லை என்றால் இறங்கிவிடுவேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் சொல்ல வேண்டியதுமில்லை. பேசாமல் வேலை செய்து பழகியது அங்கேதான். விமானத்துக்குள் ஒருவன் சொல்லும் வார்த்தைக்கு எடை உண்டு என்பது எனக்கு அங்கே தெரியாமல் போனதும் அதனால்தான்.

அந்தக் கம்பெனி ஒரு நாள் விமானங்களை விற்றுவிட்டது. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அரவேணுவுக்கு வந்துவிட்டேன். சம்பளம் நின்றதைக்கூடச் சமாளித்தோம். லைசென்ஸ்தான் பயம். குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட மணி நேரம் பறந்திருந்தால்தான் புதுப்பிப்பார்கள். பறக்காவிட்டால் செத்துப்போகும். பிறகு பரீட்சையும் சோதனையும் முதலிலிருந்து. இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி இங்கிலீஷ் தாள் எழுதித் தேறுவேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. லைசென்ஸ் போனால் நான் பைலட் இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் தனியார் விமானம் விடலாம் என்று அரசாங்கம் திறந்துவிட்டது. குன்னூரில் டீ ஃபேக்டரியும் லாரிகளும் வைத்திருந்த ஒருவர் இரண்டு சின்ன விமானங்களைக் குத்தகைக்கு எடுத்துக் கோயம்புத்தூரிலிருந்து ஓட்ட ஆரம்பித்தார். ஒன்றில் பதினெட்டுப் பேர் உட்காரலாம். எனக்கு ஆள் விட்டார். போனேன். லைசென்ஸ் முடிய அப்போது ஏழு வாரம் இருந்தது.

"ஒரு வாரம் எங்க விமானத்துல சும்மா உக்காந்து போயிட்டு வாங்க. நீங்களும் எங்களப் பாருங்க, எங்காளுகளும் உங்களப் பாக்கட்டும். அப்பறம் பேசிக்கலாம்" என்றார் முதலாளி.

நியாயமான பேச்சு. இப்படிச் சொல்கிற முதலாளிகள் குறைவு.

கம்பெனியின் தலைமைப் பைலட் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவரைக் கேப்டன் என்றே எழுதுகிறேன். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. அந்த விமானத்தில் பைலட் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரை மட்டும். முதல் வரிசை ஸீட்டில் என்னை உட்காரவைத்துத் திரையை ஒதுக்கிவிட்டார். என் முட்டிக்கும் அவர் ஸீட்டுக்கும் ஒரு முழ தூரம்தான்.

நான்காவது நாள் காலை பெங்களூர் போனோம். மார்கழி மாசம். பதினேழு பயணிகள், அதில் பாதிப் பேர் குன்னூர், கோயம்புத்தூர் வியாபாரிகள். பெங்களூர் மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்துவிட்டது. மேலே நீல வானம். கீழே வெள்ளையாக ஒரு விரிப்பு. ஒரு தண்ணீர்த் தொட்டியின் தலையும் சில மரங்களின் உச்சியும் மட்டும் வெளியே தெரிந்தன. இறங்க முடியாது, பனி என்று கீழிருந்து சொன்னார்கள். சுற்றிக்கொண்டு காத்திருக்கலாம், இல்லை கோயம்புத்தூருக்கே திரும்பலாம். காத்திருப்பதற்கென்று எரிபொருளில், எங்கள் பேச்சில் எண்ணெயில், ஓர் அளவு உண்டு. அது தாண்டினால் திரும்பிப் போவதற்கு வைத்ததைத் தின்ன ஆரம்பிக்கும்.

கேப்டன் தலையைத் திருப்பாமலே கேட்டார். "ஏனுங்க, நீங்க மலைக்காரரு. பனியிலேயே பொறந்து வளந்தவரு. இது எப்பங்க மேல ஏறிக் கலையும்?"

நான் கீழே பார்த்தேன். உடனே சொன்னேன். "வெயில் பட்டிருச்சுங்க. பத்து நிமிஷம். ஏறிரும்."

இதை ஏன் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் ஊரில் அது உண்மை. மேட்டுப்பாளையம் பள்ளத்திலிருந்து மிஸ்ட் ஏறி வரும், டீச்செடியை மூடும், ரோட்டில் எதிரே வரும் பஸ் தெரியாது. சரிவில் வெயில் விழுந்ததும் ஆளை எழுப்பினதுபோல எழுந்து போய்விடும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவன் நான். இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் எழுத வேண்டும். நான் வேலை கேட்டு வந்தவன். மூன்று நாளாகச் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான்காவது நாள் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தெரியாதுங்க என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பத்து நிமிஷம் சுற்றினோம். பனி ஏறவில்லை. முதலில் தெரிந்த மரங்களின் உச்சி காணாமல் போயிற்று. பிறகு தண்ணீர்த் தொட்டியும் காணோம். வெயில் ஏற ஏறப் பனி குறையவில்லை, தடித்தது. நான் கண்ணால் பார்க்கிறேன், மனசு ஒப்பவில்லை.

"இன்னொரு அஞ்சு நிமிஷங்க" என்றேன்.

கேப்டனுக்குப் பக்கத்து ஸீட்டில் இருந்த இளம் பைலட் என்னைத் திரும்பிப் பார்த்தான். கேப்டன் அந்த ஐந்து நிமிஷமும் சுற்றினார். பிறகு விமானத்தின் மூக்கைத் தெற்கே திருப்பினார்.

திரும்பும் வழி சரியாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எதிர்க்காற்று கொஞ்சம் கூடுதல். கோயம்புத்தூரை நெருங்கியபோது ஓடுபாதையில் வேறொரு விமானம் டயர் வெடித்து நின்றது. நகர்த்துகிறோம், பொறுங்கள் என்றார்கள். எண்ணெய் குறைவு என்று காட்டும் விளக்கு எரிய ஆரம்பித்தது. எனக்குப் பின்னால் ஒரு வியாபாரி பக்கத்து ஆளிடம், "இதுக்கு நம்ம பஸ்ஸே தேவலைங்க, போற ஊருக்காச்சும் போவும்" என்று சொல்லிச் சிரித்தார். விளக்கு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. கேப்டனின் கை சாதாரணமாக இருந்தது.

அந்த விமானத்தை ஓரம் கட்டியதும் இறங்கினோம். டேங்கில் மிச்சம் இருந்தது விதி வைத்திருக்கச் சொல்கிற அளவுக்கு வெகு கீழே.

முதலாளி அன்று ஏர்போர்ட்டில் இருந்தார். பயணிகள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அவர்களை அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தார். எண்ணெய் விஷயம் அதற்குள் மெக்கானிக் சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தது.

"எதுக்குங்க அத்தன நேரம் சுத்துனீங்க? இறங்க முடியலீன்னா அப்பவே திரும்பறதுதானுங்களே?"

"என்ற கணக்குத் தப்பிருச்சுங்க" என்றார் கேப்டன்.

"யாராவது நிக்கச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலீங்க. நாந்தான்."

நான் நான்கடி தள்ளி நின்றேன். கேட்டது. வாய் திறக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்து, "பயந்துட்டீங்களாட்ட இருக்குது. ஊட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க" என்றார். சரிங்க என்றேன். போய்விட்டேன்.

தம்பிகளே, தங்கைகளே, விமானத்துக்குள் சொன்னது தெரியாமல் செய்த தப்பு. தரையில் சும்மா நின்றது தெரிந்து செய்த தப்பு. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"அந்த மனுசன் உங்களக் காட்டிக் குடுக்கலியா?"

"இல்ல."

"நீங்களும் உங்களக் காட்டிக் குடுக்கல. நல்ல ஜோடி" என்றாள். பிறகு, "ஏனுங்க, நாளைக்கு மொத பஸ்ஸு ஆறு மணிக்கு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

முதல் பஸ்ஸில் போனேன். ஏர்போர்ட் கேன்டீனில் கேப்டன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். நான் சொல்லித்தான் காத்திருந்தீர்கள், முதலாளியிடம் நான் சொல்லியிருக்க வேண்டும், இப்போது போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"உக்காருங்க" என்றார். "மொதலாளிகிட்டச் சொல்ல வேண்டியதில்லீங்க. ஸீட்டுல நான் இருந்தேன். உங்களக் கேட்டதும் நான், நம்புனதும் நான். ரிப்போர்ட்டுல அப்படித்தான் எழுதியிருக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு நெசமாத் தெரிஞ்சு சொன்னீங்களா?"

"எங்கூர்ல அப்படித்தானுங்க ஏறும்."

"உங்கூர்ல மேகம் ஏறி வருது. அது நடந்து வர்றது, நடந்து போயிரும். பெங்களூருல அது தரையிலேயே ஊறுறதுங்க. காலங்காத்தால வெயில் பட்டுதுன்னா கீழ இருக்கற ஈரமெல்லாம் கிளம்பும். மொதல்ல தடிக்கும். அப்பறந்தான் கலையும். எனக்கே இது தெரியும். தெரிஞ்சும் உங்க பேச்சக் கேட்டேன். அத்தன உறுதியாச் சொன்னீங்க."

தட்டில் மிச்சம் இருந்த இட்லியை முடித்துவிட்டுச் சொன்னார்.

"இந்தப் பனி சீசன்ல உங்கள நான் விமானத்துல ஏத்த மாட்டேனுங்க. தை கடக்கட்டும். அது வரைக்கும் தரையில நின்னு பாருங்க. பாத்துட்டு வாங்க, பயிற்சி தர்றேன்."

என் லைசென்ஸ் தேதியைச் சொன்னேன். தை முடிவதற்குள் அது முடிந்துவிடும். இப்போதே பயிற்சி ஆரம்பித்தால் அந்த மணி நேரம் கணக்கில் சேரும், லைசென்ஸ் பிழைக்கும். கெஞ்சவில்லை. தேதியை மட்டும் சொன்னேன்.

அவர் கை கழுவிவிட்டு வந்தார். "கஷ்டந்தானுங்க. ஆனா உங்க லைசென்ஸுக்காக நான் இன்னிக்கு மாத்துனா, நாளைக்கு இன்னொருத்தரு மக கல்யாணத்துக்காக மாத்தச் சொல்லுவாரு."

அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் பர்லியார் வருகிற வரைக்கும் கோபமாகவே இருந்தேன். கோத்தகிரி பஸ் என்று நினைத்துக் குன்னூர் பஸ்ஸில் ஏறியிருந்தது அங்கேதான் தெரிந்தது, கோத்தகிரி வழியில் பர்லியார் வராது.

தரையில் நின்று பார்ப்பது எங்கே? மனைவியின் தம்பி காய்கறி லாரி ஓட்டினான். கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்க வேண்டும். அவனோடு ஏறிக்கொண்டேன். மலைக்குக் கீழே பவானிக் கரையில் பாக்குத்தோப்பும் வாழைத்தோப்பும் இருக்கின்றன. மார்கழி, தை விடியலில் அங்கே தரையோடு பனி படுத்திருக்கும். ஒரு தோட்டத்து மேட்டில் வாட்சும் நோட்டும் வைத்துக்கொண்டு நிற்பேன். எந்த மரம் எத்தனை மணிக்குத் தெரிகிறது, எத்தனை மணிக்கு மறைகிறது என்று எழுதுவேன்.

மூன்றாவது நாள் தோட்டக்காரர் வந்தார். "ஏனுங்க, நெலம் ஏதாச்சும் வெலைக்குப் பாக்கறீங்களா?"

"இல்லீங்க. பனி பாக்கறேன்."

அவர் பனியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாருங்க பாருங்க. காசா, பணமா?" என்று சொல்லிவிட்டு மடையைத் திருப்பப் போனார். மண்டியில் இந்த விஷயம் பரவிவிட்டது. மச்சினனிடம், "உங்க மாமாவுக்கு இன்னிக்கு எத்தன மூட்டைப் பனி வந்துதுன்னு கேளுப்பா" என்று கேலி செய்வார்களாம்.

கேப்டன் சொன்னதுதான் சரி. வெயில் வருவதற்கு முன்னால் தோப்பின் கடைசிப் பாக்கு வரிசை தெரியும். வெயில் வந்து கால் மணி நேரத்தில் முதல் வரிசைகூடத் தெரியாது. பிறகு கலைய ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். மேலே நிமிர்ந்து பார்த்தால் கோத்தகிரி மலை பளிச்சென்று வெயிலில் நிற்கும். நான் பிறந்து வளர்ந்த இடத்துக்கும் அந்தத் தோப்புக்கும் லாரியில் ஒரு மணி நேரம். நாற்பத்து நான்கு வருஷத்தில் நான் அந்தப் பனியை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

நோட்டில் ஒரு பக்கம் பனி, எதிர்ப் பக்கம் லைசென்ஸுக்கு மிச்சம் இருக்கும் நாள். இரண்டாவது பக்கம் குறைந்துகொண்டே வந்தது.

ஒன்பது நாள் இருக்கும்போது முதலாளி கார் அனுப்பினார். குன்னூர் போனேன். வீட்டு முன்னறையில் மேஜைமேல் வேலைக்கான தாள் டைப் செய்து தயாராக இருந்தது. காப்பி வந்தது. நல்ல காப்பி.

"ரெண்டு பைலட்டு வேற கம்பெனிக்குப் போறாங்க. எனக்கு ஆள் வேணும். உங்களுக்கு லைசென்ஸ் முடியப்போவுதாமே?"

"ஆமாங்க."

"திங்கக்கிழமை பயிற்சி ஆரம்பிச்சுக்கலாம். இதுல கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவைக் கொடுத்தார்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். தாளைப் படித்தேன். தெளிப்பு விமானத்தில் வாங்கியதைவிடச் சம்பளம் அதிகம். கோயம்புத்தூரில் தங்க இடம். என் பெயரைச் சரியாக அடித்திருந்தார்கள். போடு என்று கை சொன்னது. அப்படி ஒரு தாளுக்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"கேப்டன் சரின்னுட்டாருங்களா?" என்றேன்.

"அவருகிட்ட நான் பேசிக்கறேன். அவரு தைப் பனி அது இதும்பாரு. வண்டி என்னுது, ஆளுப் போடறதும் நாந்தானுங்களே?"

அவர் கெட்டவர் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். டீ ஃபேக்டரியில் யாரை எந்த மெஷினில் நிறுத்துவது என்று அவர்தான் சொல்வார். லாரியை யார் எடுப்பது என்றும் அவர்தான் சொல்வார். விமானமும் அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. எனக்கு நல்லது செய்கிறோம் என்றே நினைத்தார். நல்லதுதான் செய்தார்.

நான் நினைத்தது இது. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், கேப்டன் வேண்டாம் என்ற ஆளை முதலாளி ஏற்றினார் என்று ஆகும். அந்த ஆள் நான். ஒரு நாள் நான் கேப்டன் ஸீட்டில் இருப்பேன். வேண்டாம், இன்று போக முடியாது என்று சொல்வேன். அன்றைக்கும் முதலாளி, அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று இன்னொருவனுக்குப் பேனாவைக் கொடுப்பார். அன்று எனக்குப் பேச வாய் இருக்காது. அந்த வழியில்தான் நானே உள்ளே வந்திருப்பேன்.

பேனாவை மேஜைமேல் வைத்தேன்.

"அவரு ஏறச் சொல்லட்டுங்க. அப்பறம் போடறேன்."

"ஒம்பது நாள்தான் இருக்குது உங்களுக்கு."

"ஆமாங்க."

"அவரு சொல்லாட்டி?"

"சொல்லாட்டி இல்லீங்க."

அவர் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "உங்களுக்கு நல்லது செய்யலாம்னு கூப்புட்டேன் பாருங்க, என்னச் சொல்லோணும்" என்றார். திரும்பிப் போகக் கார் தரவில்லை. பஸ்ஸில் வந்தேன்.

மனைவி வாசலிலேயே கேட்டாள். சொன்னேன்.

"பேனாவக் கையில குடுத்தும் வெச்சுட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"பரீட்சை எழுதப்போறது நீங்கதானே, நானா?" என்றாள். உள்ளே போனாள். பழைய பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. என் வானிலைப் புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. நான் கேட்கவில்லை.

லைசென்ஸ் ஒரு புதன்கிழமை செத்தது. அன்றும் லாரியில் மேட்டுப்பாளையம் போனேன். பனி இருந்தது. எழுதிக்கொண்டேன். நோட்டின் எதிர்ப் பக்கத்தில் அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை, காலியாக விட்டேன். மண்டியில் மச்சினனோடு சேர்ந்து கோசு மூட்டை இறக்கினேன். முதுகு வலித்தது. வீட்டுக்கு வந்து தூங்கினேன். பெரிதாக ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள்தான் வலித்தது. தபால்காரர் என்னைப் பார்த்து, "என்னங்க பைலட் சார்" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான்.

மாசி பிறந்து நான்கைந்து நாளில் ஒரு கார்டு வந்தது. கேப்டன் எழுதியிருந்தார். மூன்று வரி. பனி முடிந்தது. பரீட்சை எழுதித் தேறி வாருங்கள். இடம் வைத்திருக்கிறேன்.

பரீட்சை எழுதினேன். சுற்றிலும் மீசை முளைக்காத பிள்ளைகள். ஒருவன் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து நின்றான். வானிலைத் தாளில் பனிமூட்டம் பற்றி ஒரு கேள்வி வந்தது. என் இங்கிலீஷில் பாக்குத்தோப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவைத்தேன். தேறினேன். வேறொரு தாளில் தோற்றேன். மறுபடி எழுதினேன். சோதனைக்குப் பறந்து காட்டினேன். எல்லாம் முடிய ஆடி வந்துவிட்டது. அதற்குள் அந்தக் கம்பெனியில் இரண்டு பைலட்டுகள் போய், மூன்று பேர் வந்திருந்தார்கள். என் இடத்துக்கும் ஆள் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் தாளுக்கு வருகிறேன். சம்பளம் எழுதுங்கள், மணி நேரம் எழுதுங்கள். விமானம் எந்த நிலைமையில் இருக்கிறது என்று மெக்கானிக்குக்கு டீ வாங்கிக் கொடுத்து விசாரியுங்கள். அதெல்லாம் தேவை. ஆனால் அந்தக் கம்பெனியில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அந்த வார்த்தை எத்தனை பேரைத் தாண்டி நிற்கிறது என்று பாருங்கள். சொன்னவர் யார், அதைக் கேட்டு நின்றவர் யார். பெரிய கம்பெனியில் அதைப் பார்ப்பது கஷ்டம், நடுவே நிறைய மேஜை. சின்ன கம்பெனியில் இரண்டே பேர்தான். ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். உங்களுக்குச் சாதகமாக அந்த வார்த்தையை ஒருவர் தள்ளிவைக்க வரும்போது மட்டும் அது கண்ணுக்குத் தெரியாது. அப்போது நம் கண் தாளில் இருக்கும்.

அந்தக் கம்பெனி நான் சேர்ந்து நான்கு வருஷம் ஓடியது. பிறகு மூடிவிட்டார்கள். நான் வேறு இடங்களில் ஓட்டி, வயது வந்து, இறங்கினேன். மூடப்போகிற கம்பெனியில் ஏன் சேர்ந்தீர்கள் என்று உங்களில் ஒருவர் கேட்டார். எந்தக் கம்பெனி எப்போது மூடும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதுவும் பனி மாதிரிதான், தெரியாது என்று சொல்லிவிடுவது நல்லது.

பரீட்சை முடிந்த அந்த ஆடி மாசம் கோயம்புத்தூர் ஆபீஸுக்குப் போனேன். மேஜையில் வேலைக்கான தாள் இருந்தது. முதல் பார்வைக்குக் குன்னூரில் பார்த்த அதே தாள்தான், தேதி மட்டும் வேறு. முதலாளி ஊரில் இல்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார். குன்னூர்த் தாளில் கீழே கையெழுத்துப் போட முதலாளிக்கு ஒரு கோடு, எனக்கு ஒரு கோடு, இரண்டுதான் இருந்தன. இதில் மூன்று கோடு. முதலாளிக்கும் கேப்டனுக்கும் நடுவே என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முதல் கோட்டில் கேப்டன் போட்டிருந்தார். அதற்குக் கீழே முதலாளி போட்டிருந்தார். மூன்றாவது கோட்டில் நான் போட்டேன்.